புது வீட்டில் வரும் களைப்பு: சுவரா, காற்றா, உடம்பா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. ஐப்பசியில் நாள் பார்த்துப் புது வீட்டில் குடிபுகுந்திருக்கிறார்கள். சீமெந்துக் கல் சுவர், அஸ்பெஸ்டஸ் கூரை, அதற்குக் கீழே சீலிங், குசினியில் புதிய பான்ட்ரி அலுமாரி, படுக்கையறைக்கு ஏசி. மூன்றாவது வாரம் தொடங்கி அவருக்கும் கணவருக்கும் காலையில் எழும்பும்போதே தலை பாரமாக இருக்கிறது. பகல் முழுவதும் உடம்பு அசந்துபோகிறது. அவருக்குக் கண்ணும் எரிகிறது. அம்மா வீட்டில் இரண்டு நாள் நின்றால் சுகமாகிவிடுகிறது. ‘கட்டடச் சாமான்களால் இப்படிக் களைப்பு வருமா? சிலர் கண்ணூறு என்கிறார்கள், சிலர் வாசல் பிழை என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார்.

வரும், தங்கச்சி. நீங்கள் கற்பனை செய்யவில்லை. முப்பது வருடமாகக் கட்டட வேலைத்தளங்களில் நின்றவன் நான். சுனாமிக்குப் பிறகு கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை எழும்பிய வீடுகளில் பலவற்றை மேற்பார்வை செய்தவன். வைத்தியன் அல்ல, ஆகவே வீட்டைப் பற்றித் துணிந்து சொல்கிறேன், உடம்பைப் பற்றி ஓரளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அம்மா வீட்டைப் பற்றிய வரிதான். வீட்டுக்குள் இருக்கும்போது தலையிடி, களைப்பு, கண் எரிவு, தொண்டை வறட்சி. வெளியே போனால் குறைவு. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு குளிர்நாடுகளில் எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கட்டடங்களைக் காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்தார்கள். அதன்பின் அவற்றுக்குள் வேலை செய்தவர்கள் இதே முறைப்பாட்டைச் சொல்லத் தொடங்கினார்கள். 1980களில் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனியாக வகைப்படுத்தி, நோய் கட்டடத்தில் இருக்கிறது என்ற பொருளில் பெயரும் வைத்தது. அடைத்தது அவர்கள் குளிருக்காக. நாங்கள் இப்போது ஏசிக்காகவும் நுளம்புக்காகவும் மழைக்காகவும் அடைக்கிறோம்.

ஆனால் அம்மா வீட்டில் நீங்கள் சமைப்பதில்லை, நன்றாகத் தூங்குவீர்கள், மனமும் ஆறும். அந்தச் சுகம் காற்றால் வந்ததா ஓய்வால் வந்ததா என்று இரண்டு நாளில் பிரித்தறிய முடியாது. அதைப் பிரிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு முடியும் விதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் இழுபடும் வேலை, நாள் வைத்தவுடன் ஓடத் தொடங்கும். மார்கழி ஆகாது, ஐப்பசியை விட்டால் கார்த்திகை, அதையும் விட்டால் தை. அதனால் கடைசிப் பத்து நாளில் பெயின்ட் அடிப்பவர், ஓடாவி, அலுமாரி பொருத்துபவர், சீலிங்காரர் எல்லாரும் ஒரே வீட்டுக்குள் நிற்பார்கள். கதவு நிலைகளுக்கு வார்னிஷ், கம்பிகளுக்கு எனாமல், சுவருக்கு இரண்டாம் பூச்சு, அலுமாரிக்குப் பசை. காய்ந்ததோ இல்லையோ, பால் பொங்கும் நாள் வந்துவிடும். வீட்டில் ஆவி மிக அதிகமாக எழும் வாரத்தில்தான் குடும்பம் உள்ளே போய்ப் படுக்கிறது.

எனாமலிலும் வார்னிஷிலும் இருக்கும் தின்னர், டர்பன்டைன் போன்ற கரைப்பான்கள் தலைச்சுற்று, மந்தம், களைப்பு எல்லாவற்றையும் தரக்கூடியவை. நான் கண்ட அனுபவம் ஒன்று உண்டு. என் வீட்டில் கதவுகளுக்கு மாலையில் வார்னிஷ் அடித்தோம். மழை வரும்போல் இருந்ததால் யன்னல்களைச் சாத்தினோம். என் தாயார் அந்தக் கதவுக்குப் பக்கத்து அறையில் படுத்தார். காலையில் எழும்பி நிற்க முடியவில்லை, வாந்தியும் வந்தது. அன்று அவருக்கு எழுபத்திரண்டு வயது. யன்னலைச் சாத்தியது நான். இன்றும் அது என் மனத்தில் கிடக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆவிகள் வேகமாகப் போய்விடுபவை. காற்றோட்டம் இருந்தால் சில நாட்களிலும் வாரங்களிலும் பெரும்பகுதி போய்விடும். தண்ணீரில் கரைக்கும் இமல்ஷன் பெயின்டில் இவை இன்னும் குறைவு. நீங்கள் குடிபுகுந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போதும் களைப்பு இருக்கிறதென்றால் பெயின்ட் மட்டும் காரணமாக இராது.

நான் முதலில் சந்தேகிப்பது உங்கள் பான்ட்ரி அலுமாரியைத்தான். அது தேக்கோ முதிரையோ அல்ல. மரத்தூளையும் நாரையும் பசை சேர்த்து அழுத்திய பலகை. அந்தப் பசையில் பெரும்பாலும் இருப்பது யூரியாவும் போமல்டிகைட்டும். ஈரமும் வெப்பமும் பட்டால் அந்தப் பசை மெல்ல மெல்லச் சிதைந்து போமல்டிகைட்டை வாயுவாக விடும். பெயின்ட் ஆவியைப்போல் வாரங்களில் இது முடியாது. மாதக் கணக்கில், சில பலகைகளில் வருடக் கணக்கில் வந்துகொண்டிருக்கும். கண் எரிவு, மூக்கு எரிவு, தொண்டைக் கரகரப்பு, தலையிடி ஆகியவை இதன் அடையாளங்கள். கண் எரிகிறது என்று நீங்கள் எழுதியதால்தான் இதை முன்னே வைக்கிறேன். அலுமாரிக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே வைத்துப் பாருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் மணம் அடித்தால் அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வீட்டுக் காற்றுக்கு ஓர் எல்லை வைத்தது: ஒரு கன மீற்றர் காற்றில் 0.1 மில்லிகிராம் போமல்டிகைட்டு. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 0.08 பங்கு. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளியில் வீடிழந்தவர்களுக்குச் சக்கரம் பூட்டிய தற்காலிக வீடுகளைக் கொடுத்தார்கள். அவற்றின் சுவரும் அலுமாரியும் இதே அழுத்துப் பலகைகள். இடமோ சின்னது, யன்னலோ குறைவு. மக்கள் தலையிடி, மூக்கில் இரத்தம், மூச்சுத் திணறல் என்று சொல்லத் தொடங்கினார்கள். அரசின் சுகாதார ஆய்வாளர்கள் 519 வீடுகளை அளந்து, 2008இல் சராசரி பத்து இலட்சத்துக்கு 0.077 பங்கு என்று அறிவித்தார்கள். சாதாரண வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு. அந்த அளவும் மாரிகாலக் குளிரில் எடுத்தது. வெப்பத்தில் இன்னும் ஏறியிருக்கும். அழிவுக்குப் பின் அவசரமாகக் கட்டிய வீடுகளோடு வேலை செய்தவன் என்பதால் அந்தச் செய்தியை நான் மறக்கவேயில்லை. எங்கள் வெயிலையும் உப்புக் காற்றின் ஈரத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். குளிர்நாட்டுச் சோதனைக்கூடத்தில் தேறிய பலகை இங்கே கூடுதலாகத்தான் வாயு விடும்.

இந்த வாயுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் 2004இல் சேர்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதற்காக அலுமாரியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அந்த முடிவு முக்கியமாக, தொழிற்சாலைகளில் நீண்டகாலம் கூடிய அளவைச் சுவாசித்தவர்களைப் பார்த்து எடுத்தது. உங்கள் வீட்டில் செய்யவேண்டியது பலகையின் திறந்த வாய்களை மூடுவது. முன்பக்கத்தில் பளபளப்பான தகடு ஒட்டியிருப்பார்கள். பின்பக்கம், அடிப்பக்கம், குழாய்க்கு வெட்டிய ஓட்டை, ஆணி அடித்த விளிம்பு எல்லாம் பச்சையாகவே இருக்கும். வாயு அதிகம் வருவது அங்கிருந்துதான். ஓடாவியைக் கூப்பிட்டு அந்த விளிம்புகளுக்குப் பட்டி ஒட்டுவித்து, பின்பக்கத்துக்குத் தண்ணீரில் கரையும் பூச்சை இரண்டு தரம் அடிப்பியுங்கள். இனிமேல் பலகை வாங்குவோர் ‘ஈ1’ (E1) அல்லது அதனிலும் குறைவாக வாயு விடும் தரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும்.

அடுத்தது சுவர். சீமெந்து நஞ்சா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இறுகிய சீமெந்திலிருந்து களைப்புத் தரும் எதுவும் வருவதில்லை, வருவது தண்ணீர். 400 பை சீமெந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். 50 கிலோப் பை ஒன்றுக்கு ஏறத்தாழ 25 லீற்றர் தண்ணீர் சேர்ப்போம். அதில் சுமார் 12 லீற்றரைச் சீமெந்து தன்னோடு கட்டிக்கொள்ளும். மிச்சம் காற்றில்தான் போகவேண்டும். 400 பைக்குக் கணக்குப் போட்டால் 5,000 லீற்றருக்கு மேல். உங்கள் வளவில் நிற்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஐந்து. கட்டும் காலத்திலேயே ஒரு பகுதி போய்விட்டாலும், நீராற்றுவதற்கு ஊற்றியதும் மழையில் நனைந்ததும் அதோடு சேரும். கொங்கிறீற் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் வேண்டும் என்பது வேலைத்தளத்தில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு.

வைகாசி, ஆனியில் முடிந்த வீட்டைக் கச்சான் காற்று காயவைத்துவிடும். மரத்து இலையையே கருக்கும் காற்றுக்குச் சுவர் எம்மாத்திரம்? உங்கள் வீடு ஐப்பசியில் முடிந்தது. அதன் பிறகு மழை. வெளிக்காற்றே நனைந்து கிடக்கும்போது சுவரின் தண்ணீர் எங்கே போகும்? போதாததற்குப் பூச்சுக் காயுமுன் மேலே பெயின்ட் ஏறிவிட்டது. அலுமாரிக்குப் பின்னாலும் கட்டில் தலைமாட்டிலும் சுவரின் அடியிலும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது அசிங்கம் மட்டுமே, உடம்புக்குக் கெடுதி இல்லை. கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாக இருந்து, விரலால் தொட ஒட்டினால் அது பூஞ்சணம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, மூக்கடைப்பு அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் தெளிவாக எழுதியிருக்கிறது. மூக்கடைத்து இரவு தூக்கம் கெட்டவருக்குப் பகலில் களைப்பு வராமல் எப்படி இருக்கும்? மேலும் இந்த ஈரம்தான் பலகைப் பசையையும் சிதைக்கிறது. சுவரும் அலுமாரியும் உங்கள் வீட்டில் தனித்தனிக் கதைகள் அல்ல.

காலையில் எழும்பும்போதே தலை பாரம் என்றீர்கள். படுக்கையறைக்கு வருகிறேன். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச்சுற்றிக் குளிராக்குகிறது. வெளியில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் சுமார் 420 பங்கு. இரண்டு பேர் கதவையும் யன்னலையும் சாத்திப் படுத்தால் விடியும்போது 2,000ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவு ஆளைக் கொல்லாது; ஆனால் தூக்கத்தின் தரத்தைக் கெடுத்து, காலையில் மந்தமாக எழுப்பும். பழைய மட்டக்களப்பு வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் வைத்திருந்தார்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலும் வெளி இருந்தது. அந்த வீடுகள் மூச்சு விட்டன. இன்று நாங்கள் அலுமினிய யன்னலும் சீலிங்கும் போட்டு எல்லா வழியையும் அடைத்துவிட்டோம். நான் வரைந்த வீடுகளிலும் அடைத்திருக்கிறேன். குளிர் வெளியே போய்விடும் என்று வீட்டுக்காரர் சொல்லும்போது மறுத்துப் பேசாமல் விட்டது என் பிழை.

அடைத்த அறைக்குள் நுளம்புத் திரியும் கொளுத்துகிறீர்களா? 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு திரி முழுவதும் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று அளந்து சொன்னது. அதிலிருந்தும் போமல்டிகைட்டு வருகிறது, சில திரிகளில் 51 சிகரெட்டளவு. வலை கட்டிப் படுங்கள். சீமெந்து மணத்தை மறைக்க வாசனைத் தெளிப்பான் அடிப்பதையும் நிறுத்துங்கள். அது காற்றுக்கு இன்னொரு சுமை. தொட்டிச் செடி வைத்தால் காற்றுச் சுத்தமாகும் என்று பலரும் சொல்வார்கள். சோதனைப் பெட்டிக்குள் அது உண்மைதான். வீட்டில் யன்னல் செய்யும் வேலையைச் செடி செய்ய ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். அழகுக்கு வையுங்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாகக் கேட்கிறேன். மழைக்குப் பயந்து விறகடுப்பையோ கரி அடுப்பையோ உள்ளே கொண்டுவந்தீர்களா? மின்சாரம் போகும்போது ஜெனரேட்டரைப் பின் விறாந்தையில் ஓடவிடுகிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பதிலின் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை நிறுத்துங்கள். அரைகுறையாக எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, களைப்பு, குமட்டல், வெளியே வந்தால் சுகம் என்று அதன் தொடக்கமும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கும். வீட்டிலுள்ளோர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடாமல் வெளியே வந்து, வைத்தியசாலைக்குப் போங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். களைப்புக்கு அது காரணம் அல்ல. அதன் நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துக் கொடிய நோய் தரும். மூன்று வாரத்தில் எதையும் காட்டாது. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. கூரைத் தகட்டில் வருவது வெள்ளை வகை. அதுவும் தீங்கில்லாதது அல்ல. உடையாமல் கிடக்கும் தகட்டை அப்படியே விடுங்கள். அறுக்கவோ, துளைக்கவோ, தேய்த்துக் கழுவவோ வேண்டாம். சீலிங்குக்கு மேலே வெட்டுத் துண்டுகளும் தூளும் கிடந்தால் விளக்குமாறு போடாமல் நன்றாக நனைத்துத் துடைத்து அள்ளுங்கள். அந்தத் துணியையும் தூளையும் பையில் கட்டிவிடுங்கள்.

கறையான் மருந்து அத்திவாரம் போடும்போது மண்ணுக்கு அடித்ததா, அல்லது பிறகு நிலைகளுக்கும் அலுமாரிக்கும் அடித்ததா என்று மேசனாரைக் கேளுங்கள். மண்ணுக்குள் போய் மேலே கொங்கிறீற் போட்டிருந்தால் கவலை குறைவு. உள்ளே அடித்திருந்தால் போத்தலின் பெயரை எழுதி வையுங்கள். வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வயிற்றுப் பிடிப்பு, தசை துடித்தல் இருந்தால் அந்தப் பெயரோடு உடனே வைத்தியரிடம் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையமும் விளக்கம் சொல்லும்.

இனி உடம்பு. இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. நாங்கள் எங்கள் வீட்டில் குடிபுகுந்த வருடம் என் மனைவிக்கு இதே களைப்பு வந்தது. தலைமுடி கொட்டியது, குளிர் தாங்கவில்லை, முகம் ஊதியது. கட்டடம் தெரிந்தவன் என்ற நினைப்பில் நான் பெயின்டைச் சுரண்டினேன், சீலிங்கைக் கழற்றினேன், யன்னலை மாற்றினேன். எட்டு மாதம் போய்விட்டது. கடைசியில் ஓர் இளம் வைத்தியர் ஒரேயொரு இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் குறைவு என்று கண்டுபிடித்தார். மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டார். அந்த எட்டு மாதத்தை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருடைய களைப்பு எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வந்தது. அதை நான் கவனித்திருக்கவேண்டும்.

ஆகவே நீங்கள் இருவரும் இந்த வாரமே களுவாஞ்சிகுடி வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். குருதிச் சோகை, சீனி, தைரொயிட் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கணவர் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று எழும்புகிறாரா என்று கவனித்துச் சொல்லுங்கள். குறை நினைக்கவேண்டாம் தங்கச்சி, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வார்னிஷ், தின்னர் வேலை எதையும் நீங்கள் நிற்கும்போது வீட்டில் செய்யவிடக்கூடாது. வீட்டுக் கடனும் தூக்கத்தைத் தின்னும். அதையும் வைத்தியரிடம் சொல்வதில் வெட்கம் இல்லை.

இனி அந்தப் பிரித்தறியும் வழி. ஏழு நாள் ஏசி வேண்டாம், திரி வேண்டாம். வலை கட்டி, யன்னலைத் திறந்து, புதிய அலுமாரி எதுவும் இல்லாத அறையில் இருவரும் படுங்கள். சமையலும் வேலையும் வழமைபோல் நடக்கட்டும். காலையில் தலை எப்படி, கண் எப்படி, எந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த ஏழு நாள் பழையபடி அந்தப் படுக்கையறையில் படுத்து எழுதுங்கள். முதல் வாரம் சுகம், இரண்டாம் வாரம் பாரம் என்றால் அந்த அறைதான். இரண்டு வாரமும் கண் எரிந்து, குசினியில் நிற்கும்போது கூடினால் அலுமாரி. இரண்டிலும் மாற்றமே இல்லையென்றால் வைத்தியரின் முடிவுக்காகக் காத்திருங்கள். கொப்பியை வைத்தியரிடமும் காட்டுங்கள்.

மழை இப்போது குறைந்துகொண்டு வருகிறது. வெயில் விழும் நாட்களில் பான்ட்ரிக் கதவுகளையும் லாச்சிகளையும் இழுத்துத் திறந்துவிட்டு, வீட்டை நண்பகலில் இரண்டு மூன்று மணித்தியாலம் சாத்திச் சூடேற விடுங்கள். அப்போது யாரும் உள்ளே இருக்கக்கூடாது. பின்னேரம் எல்லாக் கதவையும் யன்னலையும் திறந்து, மேசைக் காற்றாடியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். பலகைக்கும் பெயின்டுக்கும் உள்ளிருப்பது சூட்டில் வெளியே வரும், காற்றோடு போகும். கட்டிலையும் அலுமாரிகளையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். மீண்டும் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் ஆனி வரை பொறுங்கள். படுக்கையறைச் சுவரில், யன்னலுக்கு மேலே, ஆறு அங்குலக் குழாய் போகும் அளவுக்கு ஒரு துவாரம் வெட்டி, வலை அடித்து, மழை படாமல் ஒரு மூடி வைப்பியுங்கள். மேசனாருக்கு அரை நாள் வேலை. அதை முதலில் செய்யுங்கள்.